வேத நூலும் அற்புதமும் கடவுளுக்குச் சான்றாகுமா? எப்படிச் சோதிப்பது?

தென்பெண்ணை கேட்டது:

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் விவாதம். தலைப்பு: "மத நூல்களும் அற்புதங்களும் கடவுள் இருப்பதற்குச் சான்று ஆகுமா?" ஒத்திகையிலேயே ரகளை. ஒரு தரப்பு, "அப்பர் கல்லோடு மிதந்தார், லூர்து மாதா கோயிலில் டாக்டர்களே சான்றிதழ் தருகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறது. எதிர்த் தரப்பு "எல்லாம் புரட்டு" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறது. இருவருமே எதையும் எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் நடுவர்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய நூல் ஒன்று அற்புதத்தைச் சொன்னால் அதை எந்த வரிசையில் சோதிப்பது? 1995இல் பிள்ளையார் சிலைகள் பால் குடித்ததாகச் சொன்னார்களே, அது மாதிரி கண்முன் நடப்பதை எப்படி? மருத்துவ அற்புதங்களை எப்படி? அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது கடவுள்வரை போய்ச் சேருமா? "நம்பிக்கை அவரவர் விருப்பம்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

---

சுவடிக்கட்டு:

நூல் பற்றிய கேள்விக்கு மட்டும் நான். அப்பரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான அற்புதக் கதைகளுக்கு இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரே பாடியதாக வரும் பாட்டும் கையில் உண்டு, பிற்காலத்தவர் எழுதிய வரலாறும் கையில் உண்டு.

அப்பர் 7ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ 500 ஆண்டு. பெரியபுராணத்தில் கதை முழுசாக இருக்கிறது: சமணர் தூண்ட, பல்லவ மன்னன் ஆணையிட, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். அப்பர் "சொற்றுணை வேதியன்" பாடுகிறார். கல் தெப்பமாகிறது. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறுகிறார்.

உங்கள் ஆட்கள் அந்த நமச்சிவாயப் பதிகத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே." அதில் அப்படிச் செய்தாலும் நாமம் துணை நிற்கும் என்றுதான் இருக்கிறது, நடந்ததாக ஒரு சொல் இல்லை. இதை மட்டும் நம்பி மேடை ஏறினால் எதிராளி அரை நிமிடத்தில் கவிழ்த்துவிடுவார். எடுக்க வேண்டியது ஐந்தாம் திருமுறை, திருநீலக்குடிப் பதிகம்:

கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர்
ஒல்லை நீர்புக நூக்கவென் வாக்கினால்
நெல்லு நீள்வயல் நீலக் குடியரன்
நல்ல நாமம் நவிற்றியுய்ந் தேனன்றே

இது கனமான சரக்கு. "என்னைக் கட்டினார்கள், தள்ளினார்கள், பிழைத்தேன்" என்று ஒருவர் தன் வாயால் சொல்கிறார். செய்தவர் 'அமண்கையர்', அதாவது சமணர் என்றும் சொல்கிறார். இப்போது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பாட்டில் இருப்பது: கல், கட்டியது, நீரில் தள்ளியது, நாமம் சொன்னது, பிழைத்தது. வலப்பக்கம் புராணத்தில் மட்டும் இருப்பது: மன்னன் ஆணை, கடல், கல் மிதந்தது, திருப்பாதிரிப்புலியூர்க் கரை. அற்புதம் என்று நாம் சொல்கிற அந்தக் 'கல் மிதந்தது' வலப்பக்கம்தான் விழுகிறது. பாட்டில் 'நீர்' என்பது கடலாக இருக்கலாம், ஏரியாக இருக்கலாம். கட்டு அவிழ்ந்ததா, ஆள் இழுத்துப் போட்டாரா, கல்லே மிதந்ததா, பாட்டு வாய் திறக்கவில்லை.

எந்த மத நூலானாலும் நான்கு காலங்களைக் குறிக்கச் சொல்வேன்: நடந்ததாகச் சொல்லும் காலம், முதலில் எழுதப்பட்ட காலம், இன்று கையில் இருக்கும் மிகப் பழைய படியின் காலம், எதிர்த் தரப்போ வெளியாளோ குறிப்பிட்டிருந்தால் அதன் காலம். அப்பருக்கு முதல் இரண்டும் ஒட்டியே வருகின்றன, பாட்டு அவருடையது என்று ஏற்றால். மூன்றாவதுதான் சிக்கல். பனையோலை சில நூறு ஆண்டுக்கு மேல் தாங்காது, படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செல்லரித்துப் போனதுபோக மீந்ததுதான் தேவாரம் என்று மரபே சொல்கிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்த கல்வெட்டு இருப்பதால், பதிகங்கள் அப்போதே பழையவை, புகழ்பெற்றவை என்பது உறுதி. பதிகம் பழையது என்பதற்குத்தான் அது சாட்சி. இந்த நான்கு அடி 7ஆம் நூற்றாண்டிலிருந்து மாறாமல் வந்ததா என்பதற்கு அந்தக் கல்வெட்டு பொறுப்பேற்காது. நான்காவது இடம் காலி. நமக்குக் கிடைத்திருக்கும் சமண நூல்களில் இதை ஒப்புக்கொண்ட வரி எதுவும் இல்லை.

இன்னொரு வழுக்கல். "ஊர்ப்பெயர் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே அற்புதமும் சரி." திருநீலக்குடி இன்றும் கும்பகோணம் வட்டாரத்தில் இருக்கிறது. பாடியவர் சோழநாட்டை நடந்து பார்த்தவர் என்று அதிலிருந்து சொல்லலாம், அவ்வளவுதான். பைபிளுக்கும் இதே கதி. இஸ்ரேலில் டெல் தான் என்ற இடத்தில் 1993இல் கிடைத்த கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்று இருக்கிறது. அது தாவீது வம்சம் இருந்ததற்குச் சான்று, செங்கடல் பிளந்ததற்கு இல்லை.

கிறிஸ்தவ நண்பர்கள் இருந்தால் மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதியையும் கேளுங்கள். 16ஆம் அதிகாரம் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் 4ஆம் நூற்றாண்டுப் பெரும் சுவடிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் கிடையாது, 8இலேயே முடிந்துவிடுகிறது. பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்பது இந்தப் பிற்சேர்க்கையில்தான் வருகிறது. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதிச் சில சபைகளில் இதை நம்பிப் பாம்பு பிடித்துச் செத்தவர்கள் உண்டு. பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி வாசகம் மாறுவது, வெறும் பண்டிதர் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

---

காரணன்:

தோழர், கண்முன் நடப்பதைச் சோதிப்பதுதான் சுலபம், ஆனால் அதில்தான் நம்ம பகுத்தறிவு ஆட்களும் சொதப்புவார்கள்.

1995 செப்டம்பர் 21. டெல்லியில் விடியுமுன் ஒரு கோயிலில் தொடங்கி, அன்றைக்கே உலகம் முழுக்கப் பரவியது. உடனே நம்மவர்கள் "கல் பாலை உறிஞ்சுகிறது" என்றார்கள். தப்பு. பித்தளை, வெள்ளிச் சிலைகளிலும் நடந்தது, உலோகம் எங்கே உறிஞ்சும்? நடப்பது இதுதான்: விளிம்புவரை நிரம்பிய கரண்டியில் பாலின் மேற்பரப்பு சற்றுப் புடைத்து நிற்கும். அது துதிக்கையைத் தொட்டதும் பரப்பு இழுவிசை பாலைச் சிலைப் பக்கம் இழுக்கும். இழுத்த பால் மெல்லிய படலமாகத் துதிக்கையின் அடிப்பக்கம் வழியே வயிற்றுக்கு இறங்கும், பின்னாலேயே கரண்டியில் மீந்ததும் விளிம்பு தாண்டி வரும். வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் படலம், கோயில் வெளிச்சத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்? அரசின் அறிவியல் துறையிலிருந்து போனவர்கள் பாலில் சாயம் கலந்து ஊட்டினார்கள், வண்ணம் சிலைமேல் வழிந்தது தெரிந்துவிட்டது.

நீங்கள் மேடையில் செய்து காட்டுவதானால்:

சிலையைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். அடியில் விளிம்பு உயர்ந்த தாம்பாளம் வைத்து, சிலையோடு சேர்த்து மொத்தத்தையும் சமையல் தராசில் ஏற்றி எடை குறியுங்கள். பாலில் நீல உணவுச் சாயம் நாலு சொட்டு. 5 மி.லி. கரண்டியால் 100 தடவை ஊட்டினால் 500 மி.லி., எடையில் சுமார் 515 கிராம். சிலையே குடித்துப் பால் எங்கோ மறைந்துவிட்டது என்றால் அந்த 515 கிராம் தராசில் ஏறவே கூடாது. ஏறத்தாழ முழுசாக ஏறும். கரண்டியில் ஒட்டியதும் கீழே சிந்தியதும் போகக் கொஞ்சம் குறையும். சிந்தியதைத் துணியால் ஒற்றி, துணியையும் எடைபோட்டால் கணக்கு நேராகும்.

அப்புறம் இதை விடவே கூடாது: பக்கத்தில் அதே கல்லில், அதே வளைவில் தெய்வம் இல்லாத ஒரு பொருளை வையுங்கள். அம்மிக் குழவி போதும். அதற்கும் ஊட்டுங்கள். குழவியும் குடிக்கும். இந்த ஒப்பீடு இல்லாத சோதனை அரைச் சோதனை. 2006 ஆகஸ்டில் இது மறுபடி கிளம்பியபோதும் இதே கதைதான்.

கவனம்: இதிலிருந்து "கடவுள் இல்லை" என்று குதித்துவிடாதீர்கள். அன்று சிலைகள் பால் குடிக்கவில்லை என்பதுதான் நிறுவப்பட்டது. ஏப்ரகாம் கோவூரின் சவாலுக்கும் இதே அளவுதான் மதிப்பு. கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார், 1978இல் சாகும்வரை யாரும் வாங்கவில்லை. சவாலுக்கு வந்தவர்களால் முடியவில்லை என்று சொல்லலாம், வராதவர்களைப் பற்றி அது பேசாது.

முதலில் கேட்க வேண்டியது: அற்புதம் என்று சொன்னது யார்? சபரிமலை மகரவிளக்கைப் பாருங்கள். பொன்னம்பலமேட்டில் தெரியும் ஒளி தானாகத் தோன்றுவது என்று பல லட்சம் பேர் நம்பினார்கள். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது தேவஸ்வம் போர்டு மனிதர் ஏற்றுவதுதான் என்றது. 2008லேயே கோயிலின் தலைமைப் பூசாரியான தந்திரி குடும்பத்து மூத்தவர் இதைச் சொல்லியாயிற்று. வானத்தில் தோன்றும் மகரஜோதி நட்சத்திரம் வேறு, மேட்டில் ஏற்றும் விளக்கு வேறு. கோயில் தரப்பே உரிமை கொண்டாடாத அற்புதத்தைப் பக்தர்கள் சுமந்துகொண்டிருந்தார்கள்.

---

நாடிமானி:

லூர்து விஷயத்தில் "டாக்டர்கள் சான்றிதழ்" என்பது பாதிதான் சரி. நடைமுறை தெரிந்தால் இரண்டு தரப்பும் கொஞ்சம் அடங்கும்.

பிரான்ஸ் நாட்டு லூர்துவில் 1858இல் மாதா காட்சி. 1883இல் மருத்துவப் பணியகம். அதன்பின் பதிவான குணமடைதல் கோப்புகள் 7000க்கு மேல். திருச்சபை அற்புதம் என்று ஏற்றவற்றில் 70ஆவது 2018இல் வந்தது, அதற்குப் பிறகும் ஒன்றிரண்டுதான் கூடியிருக்கிறது. அதாவது நூற்றில் ஒன்று. "எல்லாம் புரட்டு" என்பவர்கள் இந்த வடிகட்டலை முதலில் கவனிக்க வேண்டும். மருத்துவக் குழு சொல்வது "இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை" என்பதுவரை மட்டும். அற்புதம் என்று அறிவிப்பவர் குணமடைந்தவரின் மறைமாவட்ட ஆயர். டாக்டர் அந்தச் சொல்லில் கையெழுத்துப் போடுவதில்லை.

அளவுகோல் 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்த்தீனி வகுத்தது, அவர் பின்னால் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் போப் ஆனவர். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானே வடியும் கட்டத்தில் இருக்கக் கூடாது, மருந்து கொடுக்கப்படவில்லை அல்லது பலிக்கவில்லை, குணம் திடீரென்று வர வேண்டும், முழுமையாக, திரும்பி வராமல். நல்ல விதிகள்தான். ஓட்டை எங்கே என்றால்:

நோயறிதலில். பட்டியலின் பழைய பகுதியில் காசநோய் நிறைய. எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும் பரவலாகாத காலத்தில் "காசநோய்க் கட்டி" என்பது பல நேரம் டாக்டரின் கைத்தடவலும் அனுமானமும்தான். கோப்பைப் படிக்கும்போது முதலில் திசு அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் என்ன குணமானது என்றே தெரியாது.

நோயின் இயல்பில். சிறுநீரகப் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்று ஆகியவை அரிதாகத் தாமே சுருங்குவது மருத்துவ ஏடுகளில் பதிவானது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் ஏறி இறங்கும் நோய், அதுவும் லூர்துப் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வரும் இடத்தில் இப்படிச் சிலர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குணமானவர் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி, மொத்தம் வந்தவர் எத்தனை பேர் என்பதை விடுவது இந்த விவாதங்களில் நிரந்தரத் தப்பு.

"வெட்டுப்பட்ட கால் எங்காவது முளைத்ததா?" என்று எதிர்த் தரப்பு கேட்கும். லூர்துப் பட்டியலில் இல்லை. ஆனால் படித்த கத்தோலிக்கர் எதிரில் இருந்தால் ஸ்பெயினின் கலாந்தாவை எடுத்துப் போடுவார், தயாராக இருங்கள். சரகோசா மருத்துவமனையில் 1637இல் கால் வெட்டப்பட்ட இளைஞருக்கு 1640 மார்ச் 29 இரவு கால் திரும்பியது என்று கோப்பு. சில நாளிலேயே ஆவணப் பதிவாளர் வந்து எழுதினார். அறுவை செய்தவர் உட்படச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டு 1641 ஏப்ரலில் பேராயர் தீர்ப்பு. காகித அளவில் இது வலுவான கோப்பு, சிரித்துத் தள்ளக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கால் உண்மையில் வெட்டப்பட்டதா, மடித்துக் கட்டிப் பிச்சை எடுத்தாரா? அதற்கு விடை சாட்சிகளின் வாயில் மட்டும் இருக்கிறது. வெட்டிய காலும் கையில் இல்லை, திரும்பிய காலையும் இன்று சோதிக்க முடியாது.

பிரார்த்தனைப் பரிசோதனையையும் யாராவது இழுப்பார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகள், இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர், முடிவு வெளியானது 2006இல். பிரார்த்தனை நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டு, நடந்த குழுவில் சிக்கல் 52%. அப்படியே சொல்லப்பட்டு, நடக்காத குழுவில் 51%. நிச்சயம் நடக்கிறது என்று சொல்லப்பட்ட குழுவில் 59%. மூன்றாவது எண்ணை வைத்துக் கேலி செய்யாதீர்கள், "எனக்கு இவ்வளவு மோசமா" என்ற பதற்றமாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். ஆய்வின் அடிப்படைக் குறை வேறு. பிரார்த்தனை இல்லாத குழுவுக்கும் வீட்டார் வேண்டியிருப்பார்கள், அதை யார் நிறுத்துவது? தவிர, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய கடவுளைத்தான் இந்த முறை சோதிக்கும்.

---

அடியார்க்கடியன்:

எல்லாவற்றையும் தராசில் வைத்துவிட்டீர்கள். அப்பர் பெருமானையும் குழவிக்கல்லையும் ஒரே பக்கத்தில் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பக்திக்குச் சான்று எதற்கு?

---

அளவைவாசி:

அடியார்க்கடியன் அவர்களுக்கு: பக்திக்குச் சான்று வேண்டாம், சரி. ஆனால் நம் சைவமே சான்றை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் கடவுளைப் பேசுமுன் அளவைதான், அதாவது எதைச் சான்றாக (பிரமாணமாக) ஏற்பது என்பதுதான் வருகிறது. பிறர் சொல்லும் ஆறு, பத்து என்ற அளவைகளை எல்லாம் சொல்லி, காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நூல் வாக்கு) என்ற மூன்றில் அடக்குகிறார் அருணந்தி சிவாசாரியார். சோதித்துப் பார்ப்பது நாத்திகர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ண வேண்டாம்.

தென்பெண்ணை தம்பிக்கு, கடைசிக் கேள்வி: கடவுள்வரை போகுமா? சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் கடவுளை நூலைக் காட்டியும் நிறுவவில்லை, அற்புதத்தைக் காட்டியும் நிறுவவில்லை. "அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்" என்று தொடங்குகிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே ஒடுக்கிய ஒருவனிடமிருந்தே மீண்டும் தோன்ற வேண்டும் என்பது கருதல் அளவை. அந்த அனுமானத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். அவர்கள் ஏன் அங்கே தொடங்கினார்கள் என்பதைப் பாருங்கள். ஆகமம் சிவன் சொன்னது என்பதால் பிரமாணம், சிவன் உண்டு என்பதற்கு ஆகமம் பிரமாணம் என்றால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தருக்க நூலார் இதற்கு அன்னியோன்னியாசிரயம் என்று பெயரே வைத்துக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். "வேதத்தில் எழுதியிருக்கிறது, வேதம் இறைவன் வாக்கு" என்று உங்கள் மேடையில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லி மணியடித்துவிடுங்கள்.

இதிலிருந்து தப்ப இரண்டு வழி கண்டார்கள். வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவ மரபினரான மீமாம்சகர், வேதத்தை யாரும் செய்யவில்லை, அதனால் செய்தவரின் பிழை அதில் ஏற வழியில்லை என்றார்கள். சுவாரசியம் என்னவென்றால், அதே மீமாம்சகர் உலகைப் படைத்த கடவுளையும் ஏற்கவில்லை. வேதத்தை முழுப் பிரமாணமாகக் கொண்டும் கடவுளிடம் போகாதவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். தருக்க மரபினரான நியாயநூலார் வழி வேறு: ஆயுர்வேதமும் மந்திரமும் சோதித்தால் பலிக்கின்றன, அதைச் சொன்ன நம்பத்தகுந்தவரே மற்றதையும் சொன்னார், ஆகவே சோதிக்க முடியாததையும் நம்பலாம். இன்று "எங்கள் நூலில் அறிவியல் இருக்கிறது" என்று வாட்சப்பில் சுற்றுவது இந்த வாதத்தின் தேய்ந்த வடிவம். பழுது எங்கே? ஒரு துறையில் சரியாகச் சொன்னவர் மறு துறையிலும் சரியாகச் சொல்வார் என்ற தாவலில். மருந்து பலித்தால் மருந்தறிவு உறுதி, மறுமையறிவு உறுதியாகாது.

அற்புதத்துக்கும் இதே இடறல் இருக்கிறது, அதை நூல்களே சொல்கின்றன. விவிலியத்தில் உபாகமம் 13ஆம் அதிகாரம்: ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தெய்வத்தைப் பின்பற்றச் சொன்னால் கேளாதே என்கிறது. குர்ஆன் 29:50இல் அடையாளம் கேட்டவர்களுக்கு, அவை இறைவனிடம் இருக்கின்றன, நான் எச்சரிப்பவன் மட்டுமே என்று சொல்லுமாறு நபிக்குக் கட்டளை. ஆக, அற்புதம் நடந்தது என்று ஏற்றாலும் செய்தது யார் என்பது தனிக் கேள்வி. சைவர், கத்தோலிக்கர், வேறொருவர் என்று எல்லோரும் ஆளுக்கொரு பட்டியல் நீட்டும்போது, எல்லாப் பட்டியலும் உண்மை என்றால் எவருடைய கொள்கைக்கும் தனிச் சான்றாகாது.

சுவடிக்கட்டு அவர்களோடு ஓரிடத்தில் ஒப்பவில்லை. நீலக்குடிப் பாட்டை வாக்குமூலம்போல் பிரித்திருக்கிறீர்கள். அப்பர் அதை யாருக்கும் நிரூபிக்கப் பாடவில்லை. கல் மிதந்ததா என்று பாட்டு சொல்லாததால் அது நடக்கவில்லை என்றும் ஆகாது.

---

சுவடிக்கட்டு:

நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை ஐயா, பாட்டில் இல்லை என்றுதான் சொன்னேன். நிரூபிக்கப் பாடவில்லை என்பதையும் ஏற்கிறேன். அப்படியானால் தென்பெண்ணையின் முதல் தரப்பு அதை மேடையில் நிரூபணமாக வைக்கக் கூடாது. வைத்தால் வாக்குமூலமாகத்தான் குறுக்கு விசாரணை நடக்கும்.

---

தென்பெண்ணை:

நன்றி, இது போதாதென்று இன்னொன்று. எங்கள் ஆள் ஒருவர் "சாட்சி ஆயிரம் பேர் என்றால்?" என்று பிடிவாதமாக நிற்கிறார். பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்தவர்கள் 500 பேர், பால் விஷயத்தில் பல லட்சம் பேர். எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா?

---

எண்ணாளர்:

உண்டு, ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல் இருந்தால் மட்டும்.

விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை: ஒரு வகை அற்புதச் செய்தியில் 10 லட்சத்தில் ஒன்றுதான் உண்மை என்று வையுங்கள். சாட்சி ரொம்ப நல்லவர், 1000இல் ஒரு தடவைதான் தவறுவார். 10 லட்சம் சந்தர்ப்பத்தில் உண்மை 1. தவறான சாட்சியம் சுமார் 1000. அவர் "நடந்தது" என்றால் உண்மையாக இருக்க 1001இல் 1 வாய்ப்பு. அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது சாட்சி வந்தால் இருவரும் சேர்ந்து தவற வாய்ப்பு 1000இல் ஒன்றை 1000இல் ஒன்றால் பெருக்கியது, அதாவது 10 லட்சத்தில் ஒன்று. உடனே பாதிக்குப் பாதி. மூன்றாவது தனிச் சாட்சி வந்தால் 1000க்கு 999. பாருங்கள், மூன்றே பேர் போதும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் அற்புதங்களைப் பற்றி 1748இல் எழுதியதைக் காட்டி "எந்தச் சாட்சியும் போதாது" என்று மறுதரப்பு சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆனால் லட்சம் பேர் ஒரே வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் "குடிக்குது, குடிக்குது" என்பதைக் கேட்டுவிட்டுக் கரண்டி நீட்டினால் சாட்சி ஒன்றுதான். பவுல் ஏறத்தாழ 55ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கடிதத்தில் 500 பேர் பார்த்ததாகச் சொல்கிறார். அந்த 500 பேரில் ஒருவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, அவர்கள் எழுதியதும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது பவுல் என்ற ஒரு சாட்சி, 500 பேர் இருந்ததாகச் சொல்கிறார்.

கெட்டிக்காரர் யாராவது லாட்டரி வாதம் எடுப்பார். ஹியூம் காலத்திலேயே ரிச்சர்ட் பிரைஸ் எடுத்தது. 10 லட்சத்தில் ஒரு சீட்டுக்குப் பரிசு என்று பேப்பரில் வந்தால் உடனே நம்புகிறோமே, நிகழ வாய்ப்புக் குறைவு என்பதற்காக மறுக்கிறோமா? நல்ல வாதம். ஆனால் பேப்பரில் எண் தப்பாக அச்சானால் அது மீதி 9,99,999 எண்களில் எதுவாகவும் இருக்கலாம், குறிப்பாக இந்த எண்ணில் வந்து விழக் காரணம் இல்லை. அற்புதத்தில் தவறுகள் சிதறுவதில்லை, எல்லோரும் எதை எதிர்பார்த்து நிற்கிறார்களோ அந்தப் பக்கமே குவியும். லாட்டரிக் கணக்கு அங்கே உடைகிறது. பரிசு விழுந்ததாகச் சொல்பவர் அந்தச் சீட்டையே வைத்திருப்பவர் என்றால் நீங்களே சீட்டைக் காட்டச் சொல்வீர்கள்.

---

காரணன்:

எண்ணாளர் சொன்னதோடு ஒன்று. நேப்பிள்ஸ் நகரத்துப் புனித ஜனுவாரியுஸ் ரத்தம் உருகுவதையும் தயார் செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்று நாள், குப்பியில் உறைந்தது உருகும். 1991இல் இத்தாலிய வேதியியலாளர்கள் ஃபெரிக் குளோரைடு, சுண்ணாம்புக் கார்பனேட், உப்பு வைத்து, குலுக்கினால் இளகி வைத்தால் உறையும் பழுப்புக் கூழ் செய்து காட்டினார்கள். அப்படியும் செய்யலாம் என்பதுதான் இதில் நிறுவப்பட்டது. குப்பியைத் திறக்காதவரை உள்ளே இருப்பது அதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம தரப்பு ஆட்கள் இந்த இடத்தில் அளவுக்கு மீறிப் பேசி மாட்டிக்கொள்வார்கள், நடுவர் அதையும் பிடிக்க வேண்டும்.

---

தென்பெண்ணை:

தலைப்பை மூன்றாக உடைத்துவிட்டேன். முதல் சுற்று, சொல்லப்பட்டது நடந்ததா. இரண்டாம் சுற்று, நடந்தது என்றால் இயற்கைக் காரணம் எல்லாம் விலக்கப்பட்டதா. மூன்றாம் சுற்று, விலக்கப்பட்டது என்றால் இன்ன கடவுள் என்று எப்படி வந்தது. ஒரு சுற்றில் தோற்றவர் அடுத்ததற்குத் தாவ முடியாது. நீலக்குடிப் பாட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும், எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

---

சுவடிக்கட்டு:

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தி.வே. கோபாலையரைக் கொண்டு 1984, 85இல் வெளியிட்ட தேவாரப் பதிப்பைப் பாருங்கள். பக்தி வெளியீடுகளில் சந்தி பிரிப்பு ஆளுக்கொரு மாதிரி இருக்கும், "நூக்கவென்" சிலவற்றில் "நூக்க என்" என்று வரும். பொருள் மாறாது, ஆனால் இரண்டு தரப்பும் வேறுவேறு தாள் வைத்துக்கொண்டு நின்றால் அதிலேயே பத்து நிமிடம் போகும். ஒரே தாளில் இடப்பக்கம் நீலக்குடிப் பாட்டு, வலப்பக்கம் பெரியபுராணத்துத் திருநாவுக்கரசர் புராணத்தில் கல் மிதக்கும் பாடல்கள் என்று போடுங்கள். நமச்சிவாயப் பதிகத்தின் முதல் பாட்டைக் கீழே தனியாகப் போடுங்கள், மேலே உள்ள இரண்டோடும் கலக்காமல்.